வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு யார் ஆசிரியர்? – உயர்தர மாணவருக்கு ஓர் அறிமுகம்

நெல்லியடிச் சந்தியில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் நின்று பார்த்தால் வெள்ளைச் சீருடைதான் கண்ணை நிறைக்கும். பாடசாலை விட்ட கையோடு பிள்ளைகள் தனியார் கல்வி நிலையங்களுக்குச் சைக்கிளைத் திருப்புகிறார்கள். கரவெட்டி, துன்னாலை, உடுப்பிட்டி, அல்வாய் என்று சுற்றுக் கிராமங்கள் எல்லாவற்றிலிருந்தும் இந்தச் சந்திக்குப் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். படிப்புக்காக எதையும் விற்கத் துணிந்த மக்கள் வாழும் பிரதேசம் இது என்பதை அந்த ஒரு மணி நேரக் காட்சியே சொல்லிவிடும்.

அந்தப் பிள்ளைகளோடு தொழில் வழிகாட்டல் பற்றி உரையாடும் வாய்ப்பு எமக்கு அவ்வப்போது கிடைக்கிறது. "என்னவாக வர விரும்புகிறீர்கள்?" என்று கேட்டால் வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர், கணினித்துறை என்று கைகள் உயரும். "ஆசிரியராக வர யாருக்கு விருப்பம்?" என்று கேட்டால் வகுப்பு ஒருமுறை அமைதியாகிவிடும். பின்வாங்கிலிருந்து ஒருவர் சிரித்துக்கொண்டே, "ஒண்டும் சரிவராட்டில் ரீச்சிங்குக்குப் போகலாம்தானே, சேர்" என்பார். வகுப்பும் சேர்ந்து சிரிக்கும்.

இந்தச் சிரிப்பு எமக்குக் கவலை தருகிறது. அதே மாணவர் அன்று மாலையே தமக்குப் பிடித்த பௌதிகவியல் ஆசிரியரின் வகுப்பில் முன்வரிசையில் இடம்பிடிக்க ஓடுவார். நல்ல ஆசிரியரின் பெறுமதி அவருக்குத் தெரியும். ஆனால் தாம் அந்த இடத்தில் நிற்கலாம் என்ற எண்ணத்தை அவருக்கு ஒருவரும் கொடுக்கவில்லை. விசேட கல்வி என்று ஒரு துறை இருப்பதையோ, அதற்கு ஆள் தேவைப்படுவதையோ பெரும்பாலான உயர்தர மாணவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. பெறுபேறு வெளியான பிறகு எஞ்சிய கதவு எதுவென்று தேடுகையில் இதை அறிமுகம் செய்வதில் பயனில்லை. பதினாறு, பதினேழு வயதில், மனம் இன்னும் திறந்திருக்கும்போதே செய்ய வேண்டும். அது எப்படி என்பதை எமது சிறு அனுபவத்தோடு இங்கு எழுதுகிறோம்.

திறக்கப்பட்ட ஒரு கதவு

ஆசிரியப் பணியின் சிறப்பைச் சொல்ல நாம் தூரத்துக்குப் போகவேண்டியதில்லை. வடமராட்சியில் மெதடிஸ்த மிசன் 1838இல் தொடங்கிய பாடசாலை இன்று பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியாக நிற்கிறது. கரவெட்டி விக்கினேஸ்வராவில் படித்த கார்த்திகேசு சிவத்தம்பி, பேராசிரியராவதற்கு முன் கொழும்பு சாகிராக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். இப்படிப் பெயர் சொல்லப் போனால் பக்கங்கள் போதாது.

ஆனால் மாணவரோடு பேசும்போது நாம் சொல்வது வேறொருவரின் கதை. நெல்லியடிக்கு அண்மையில் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் கா. சூரன் என்ற பெரியார் வாழ்ந்தார். அக்காலத்தில் சாதியின் பெயரால் பல பாடசாலைகள் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குக் கதவடைத்தன. உள்ளே விட்ட இடங்களிலும் சமமாக வாங்கில் இருக்க விடுவதில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருவராக வளர்ந்த சூரன், தம் மக்களின் பிள்ளைகளுக்கென ஒரு சைவப் பாடசாலையைத் தொடக்கி, ஊர் ஊராக உதவி தேடி அதை நிலைநிறுத்தினார். அதுவே இன்றைய தேவரையாளி இந்துக் கல்லூரி. எழுத்தாளர் தெணியான் பல ஆண்டுகள் ஆசிரியராகப் பணிபுரிந்ததும் அங்கேதான். அந்தப் பாடசாலையிலிருந்து ஆசிரியர்கள் உருவாகி, அவர்களிடம் படித்தவர்கள் மேலும் ஆசிரியர்களாகி, ஓர் ஊரே எழுந்து நின்றது.

இதைக் கேட்ட ஒரு மாணவி எம்மிடம், "இப்ப அப்பிடி ஒருத்தரையும் வெளியில விடுறேல்லைத்தானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகள் கட்டாயம் கல்வி பெறவேண்டும் என்ற ஒழுங்குவிதி 1998 சனவரியில் நடைமுறைக்கு வந்து, 2016இல் 16 வயது வரை நீட்டப்பட்டது. சட்டப்படி பார்த்தால் எல்லாப் பிள்ளையும் உள்ளேதான்.

அந்த மாணவியிடம் நாம் ஒரு வேலை கொடுத்தோம். உங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகளை மனதில் எண்ணிப் பாருங்கள். பாடசாலை வயதில், பாடசாலைக்குப் போகாத பிள்ளை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றோம். அடுத்த கிழமை அவர் வந்து, தம் வீட்டிலிருந்து நான்காவது வீட்டில் பதினொரு வயதுப் பையன் ஒருவன் இருப்பதாகவும், இத்தனை காலமும் வேலிக்கு மேலால் அவன் குரல் மட்டுமே கேட்டிருப்பதாகவும், பெயர் தெரியாது என்றும் சொன்னார்.

யார் இந்தப் பிள்ளைகள்?

விசேட தேவையுடைய பிள்ளைகள் என்று நாம் ஒரே சொல்லில் சொன்னாலும் அவர்கள் ஒரே வகையினர் அல்லர். பார்வை முற்றாக இல்லாதவர், மங்கலாகத் தெரிபவர், காது கேளாதவர், ஓரளவு கேட்பவர், மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பால் கைகால் அசைவு தடைப்பட்டவர், டவுன் நோய்க்குறி உடையவர், ஓட்டிசம் உடையவர், பேசுவதில் தடங்கல் உள்ளவர், வாசிப்பிலும் எழுத்திலும் மட்டும் விளங்காத இடர் உள்ளவர் என்று பல வகை உண்டு. எமது பகுதியில் போர்க்காலத்தில் எறிகணைச் சத்தத்தால் காது பாதிக்கப்பட்டவர்களும், கண்ணிவெடியில் கால் இழந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் இன்று பெரியவர்களாகிவிட்டார்கள்.

காரணங்களும் பல. டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைக்கு 21ஆவது நிறமூர்த்தம் ஒன்று மேலதிகமாக இருப்பதை 1959இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பிரசவத்தின்போது மூளைக்கு ஒட்சிசன் போதாமல் போவது, பிறந்த சிசுவுக்குக் கடுமையான மஞ்சட்காமாலை, கர்ப்ப காலத்தில் தாய்க்கு ருபெல்லா, பிற்பாடு மூளைக் காய்ச்சல் என்று வைத்தியர்கள் காரணம் சொல்வார்கள். காரணம் தெரியாதனவும் உண்டு. ஆனால் கிராமத்தில் இன்றும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: "தாய் தேப்பன் செய்த பாவம்." பிறவியிலே பார்வையற்ற ஒரு மனிதனைக் கண்டபோது, பாவம் செய்தது இவனா இவன் பெற்றாரா என்று சீடர்கள் ஆண்டவரிடம் கேட்டதை யோவான் எழுதிய நற்செய்தியில் வாசிக்கிறோம். இருவருமல்ல என்பதே அவர் விடை. இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்த விடை எம்மிடம் இருந்தும், நாம் சீடர்களின் கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆலயத்துக்கு வரும் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. மூத்த மகளின் கலியாணப் பேச்சு முடியும்வரை இளைய பிள்ளையை முன்விறாந்தைக்கு விடாத வீடுகளை நாம் அறிவோம்.

இன்னொரு வகைப் பிள்ளைகள் வகுப்பிலேயே இருக்கிறார்கள், யாருக்கும் தெரிவதில்லை. காதில் சீழ் வடிந்து கேள்வி குறைந்த பிள்ளை ஆசிரியர் சொல்வதில் பாதியைத் தவறவிடும். கரும்பலகை தெளிவாகத் தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதி அடி வாங்கும். இவர்கள் எல்லோருக்கும் வகுப்பில் 'மொக்கு' என்று ஒரே பெயர்தான். சாதாரண வகுப்பு ஆசிரியருக்கும் விசேட கல்வி பற்றிய அறிவு வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

எமது பிரதேசத்தில் நடந்த பணி

இலங்கையில் இத்துறையைத் தொடக்கியவர்களில் திருச்சபைப் பெண்களுக்குத் தனி இடம் உண்டு. பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செவிப்புலன் இழந்த பிள்ளைகளைச் சேர்த்துக் கற்பித்தார். மேரி சப்மன் அம்மையார் 1912இல் தெற்கில் தொடங்கிய பள்ளியே இரத்மலானையில் இயங்கும் செவிப்புலன், விழிப்புலன் இழந்தோர் பாடசாலையாக வளர்ந்தது. தமிழ்ப் பிள்ளைகளும் முன்னர் அங்கேயே போகவேண்டியிருந்தது. 1956இல் கைதடியில் நவீல்ட் பாடசாலை அமைந்தபின் அவர்கள் தம் மொழியில், தம் பிரதேசத்தில் படிக்க முடிந்தது. இது அங்கிலிக்கன் திருச்சபையின் பணி. சுன்னாகத்தில் விழிப்புலன் இழந்தோருக்கான வாழ்வகம், கோண்டாவிலில் 2004இல் தொடங்கிய சிவபூமிப் பாடசாலை என்று சைவப் பெருமக்களின் முயற்சிகளும் அதன் பக்கத்தில் உள்ளன. இந்தப் பணியில் சமய வேறுபாடு பார்ப்பவரை நாம் இதுவரை காணவில்லை.

அரசாங்கமும் 1960களின் இறுதியிலிருந்து சாதாரண பாடசாலைகளிலேயே இப்பிள்ளைகளைச் சேர்க்கும் கொள்கையைத் தொடங்கியது. 1994இல் ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரில் கூடிய உலக மாநாடு, எல்லாப் பிள்ளையும் தம் ஊர்ப் பாடசாலையிலேயே படிக்க வேண்டும் என்ற கருத்தை உலகெங்கும் எடுத்துச் சென்றது. 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தவர் என்ற காரணத்துக்காக எவரையும் கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுக்கக்கூடாது என்கிறது. எனவே இன்று சில பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் இருக்கின்றன. அலகு இருக்கும் இடமெல்லாம் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறார் என்று சொல்ல முடிந்தால் இக்கட்டுரைக்குத் தேவையே வந்திராது.

நெல்லியடிப் பிள்ளை ஒன்று கைதடிக்குப் போவதென்றால் வல்லை வெளியைத் தாண்டி, புத்தூர், கோப்பாய் வழியாகப் போகவேண்டும். சக்கர நாற்காலியோடு எந்த பஸ்ஸில் ஏற்றுவது? விடுதியில் விடத் தாய்க்கு மனம் வராது. ஊருக்கு ஊர் ஆசிரியர் வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

விசேட கல்வி ஆசிரியர் என்ன செய்கிறார்?

மாணவர்கள் எம்மிடம் கூடுதலாகக் கேட்பது இதைத்தான். பொறுமை வேண்டும், அன்பு வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் அவர்களுக்கு அலுப்பாக இருக்கிறது. அதில் நியாயமுண்டு. அன்பு தாய்க்கும் இருக்கிறது. ஆசிரியரிடம் அதற்கு மேல் ஒரு வித்தை இருக்க வேண்டும். அந்த வித்தையை நாம் சில உதாரணங்களால் காட்டுவோம்.

சட்டைக்குத் தெறி பூட்டத் தெரியாத எட்டு வயதுப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். நாம் ஒரே செயல் என்று நினைப்பது உண்மையில் ஆறேழு செயல்கள்: துளையைக் கண்டுபிடித்தல், தெறியை இரு விரலால் பிடித்தல், விளிம்பைத் துளைக்குள் நுழைத்தல், மறுகையால் வாங்குதல், இழுத்தல் என்று போகும். ஆசிரியர் இதைத் துண்டு துண்டாக எழுதிக்கொள்வார். பிறகு எல்லாவற்றையும் தாமே செய்து, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளையிடம் விடுவார். பிள்ளை இழுக்கும், தெறி பூட்டுப்படும், வேலை முடிந்த மகிழ்ச்சி பிள்ளைக்கே கிடைக்கும். அது பழகியதும் கடைசி இரண்டு செயல்கள், பிறகு மூன்று. இப்படிப் பின்னாலிருந்து முன்னோக்கி வருவார். முதலிலிருந்து தொடங்கியிருந்தால் பிள்ளை ஒவ்வொரு முறையும் தோல்வியிலேயே நிறுத்தியிருக்கும். பல் துலக்குதல், சோறு குழைத்து உண்ணுதல், கடையில் சீனி வாங்கி மிச்சக்காசு எண்ணுதல் எல்லாம் இதே வழிதான். பெரிய எழுத்துகளில் பின்னத்தைப் படிப்பிப்பதைவிட இது குறைந்த வேலை என்று நினைப்பவர் ஒரு நாள் செய்து பார்க்கட்டும்.

கேள்வி குறைந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் ஆசிரியர் யன்னலுக்கு முதுகு காட்டி நிற்கக்கூடாது. முகத்தில் இருள் விழுந்தால் உதட்டசைவு தெரியாது. வெளிச்சம் தம் முகத்தில் விழும்படி நின்று, கரும்பலகையில் எழுதும்போது பேசாமல், எழுதி முடித்துத் திரும்பியபின் பேச வேண்டும். இதற்குக் காசு ஒரு சதமும் வேண்டாம். முற்றாகக் கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி வேண்டும். சைகை மொழி என்பது கையால் காட்டும் ஊமை விளையாட்டு என்று நினைப்பவர் பலர். அதற்கென்று சொற்களும் இலக்கணமும் உண்டு. அதில் கதை சொல்லலாம், பகிடி விடலாம், கோபித்துச் சண்டையும் பிடிக்கலாம். வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாவிட்டால் பிள்ளை தன் சொந்த வீட்டில் வெளிநாட்டவராகவே வளர்கிறது.

பிரெயில் எழுத்தைக் காட்டினால் கணிதப் பிரிவு மாணவர்கள் உடனே நிமிர்ந்து உட்காருகிறார்கள். பிரான்சில் தோல் வேலை செய்தவரின் மகனான லூயி பிரெயில், சிறு வயதில் தகப்பனின் ஆயுதம் பட்டுக் கண் இழந்தவர். தாம் அமைத்த முறையை 1829இல், இருபது வயதில் வெளியிட்டார். ஆறு புள்ளிகள், அவற்றை மேடாக்கியும் விட்டும் 63 வடிவங்கள் பெறலாம். எப்படி 63 என்று கணக்குப் போட்டுப் பாருங்கள் என்போம். தமிழுக்கு வரும்போது இன்னொரு அழகு உண்டு. அச்சில் 'கெ', 'கே', 'கை' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கும். பிரெயிலில் அப்படி இல்லை. 'க' முதலில், உயிர் பின்னால். நாம் உச்சரிக்கும் ஒழுங்கிலேயே எழுத்தும் வருகிறது. சட்டகமும் ஊசியும் கொண்டு எழுதுபவர் தாளின் பின்பக்கத்தில் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாக விரலால் வாசிக்கிறார். பார்வையுள்ள ஆசிரியருக்கு இரண்டு திசையும் பழக வேண்டும்.

வாசிப்பு இடர் உள்ள பிள்ளைக்கு வேறு வழி. எழுத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துப் பிடிக்க முடியாத பிள்ளைக்கு மணற்தட்டில் விரலால் எழுதவும், எழுதும்போதே வாயால் சொல்லவும் பழக்குவார்கள். கண், காது, விரல் மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. மேல்நாட்டுப் பாடநூல்கள் இதைப் புதிய முறை என்று விவரிப்பதைப் படிக்கும்போது எமக்குத் திண்ணைப் பள்ளிக்கூடத்து மணல்தான் நினைவுக்கு வருகிறது. எண் கற்பிக்கப் புளியங்கொட்டை, ஊமல், சிப்பி. எமது வளவுக்குள்ளேயே பாதிக் கற்பித்தல் உபகரணம் கிடக்கிறது.

இவற்றுக்கெல்லாம் அடித்தளம் அவதானிப்பு. ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தனிக் கொப்பி வைத்து, இன்று எதைச் செய்தது, எங்கே நின்றது, எதற்குப் பயந்தது என்று எழுதி, தனியாள் கல்வித் திட்டம் தயாரிப்பார். ஓட்டிசம் உள்ள பிள்ளை ஒன்று மணி அடிக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு கத்தினால், அது குழப்படி அல்ல, அந்தச் சத்தம் அதற்கு வலிக்கிறது என்பதை இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். உயிரியல் படிக்கும் மாணவருக்கு இந்த அவதானிப்புப் புதிதல்ல.

ஹெலன் கெல்லரின் பெயர் எமது பிள்ளைகளுக்குத் தெரியும். அவருடைய ஆசிரியை ஆன் சல்லிவன் 1887 மார்ச்சில் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவருக்கு வயது இருபது. தாமே பார்வைக் குறைவுள்ளவர். பாடசாலைக் கல்வியை முடித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. உயர்தரம் முடித்த எமது பிள்ளையின் வயதுதான். இதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு அமைதி வருகிறது. ஆரம்பத்தில் சொன்ன அமைதியைப் போன்றதல்ல அது.

எங்கே படிக்கலாம்?

வழிகள் மூன்று. முதலாவது தேசிய கல்வியியற் கல்லூரி. 1986இன் சட்டத்தின்கீழ் உருவான இக்கல்லூரிகளுக்கு உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டு ஆட்களைத் தெரிவு செய்கிறார்கள். கற்கை மூன்று ஆண்டு: இரண்டு ஆண்டு விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் ஆண்டு பாடசாலையில் உள்ளகப் பயிற்சி. முடிவில் கற்பித்தல் தொடர்பான தேசிய டிப்ளோமா. அதன்பின் ஆசிரிய நியமனம். எமக்குக் கிட்டியது கோப்பாயிலுள்ள யாழ்ப்பாணம் தேசிய கல்வியியற் கல்லூரி. விசேட கல்வியும் ஒரு கற்கைநெறிதான். எந்தக் கல்லூரியில், எந்த மொழியில் அது நடக்கிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது என்பதால் அவ்வாண்டு வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் விருப்பத் தெரிவை யாரோ சொன்னபடி நிரப்பிவிட்டுப் பிறகு அழும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம்.

இரண்டாவது, பட்டம் பெற்று ஆசிரியராகி, பின்னர் பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்வது. மூன்றாவது, சேவையில் இருந்துகொண்டே பயிற்சி பெறுவது. 1923இல் தொடங்கிய கோப்பாய் ஆசிரிய கலாசாலை பயிற்றப்படாத ஆசிரியர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பயிற்றி வந்துள்ளது. திறந்த பல்கலைக்கழகமும் தேசிய கல்வி நிறுவகமும் விசேட தேவைக் கல்வியில் கற்கைநெறிகளை நடத்துகின்றன.

ஆசிரியரோடு சேர்ந்து வேலை செய்யும் வேறு தொழில்களும் உண்டு. இயன்மருத்துவர், தொழில்வழி மருத்துவர், பேச்சு மொழிச் சிகிச்சையாளர் என்போர் இல்லாமல் பல பிள்ளைகள் முன்னேற முடியாது. களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் பேச்சும் கேட்டலும் பற்றிய பட்டப்படிப்பு இருக்கிறது. ஒரு விடயத்தை மாணவர் கவனிக்க வேண்டும். எலும்பு முறிவுக்கு எந்த மொழி பேசும் வைத்தியரும் வைத்தியம் செய்யலாம். ஆனால் 'ழ'வும் 'ள'வும் 'ல'வும் குழம்பும் பிள்ளைக்குப் பேச்சுச் சிகிச்சை செய்யத் தமிழ் காதில் ஊறிய ஒருவர் வேண்டும். வெளியூரிலிருந்து வருவிக்க முடியாத தொழில் இது.

வெளிநாட்டிலும் இத்துறைக்கு நல்ல கேள்வி உண்டு என்று ஒருமுறை நாம் வாய்தவறிச் சொல்லிவிட்டோம். அதுவரை சாய்ந்திருந்த பெற்றார் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து அதை நாம் சொல்வதில்லை.

கஷ்டங்களையும் மறைக்கக்கூடாது

சம்பளம் மற்ற ஆசிரியருக்கு உள்ளதுதான். வைத்தியரின் வருமானத்தோடு ஒப்பிட முடியாது. விசேட கல்வி ஆசிரியருக்குத் தனியார் வகுப்பு வருமானமும் கிடையாது. சில பாடசாலைகளில் விசேட அலகுக்குக் கிடைப்பது களஞ்சிய அறைக்குப் பக்கத்து மூலைதான். ஓர் ஆசிரியர் வராத நாளில் "உங்கட பிள்ளையளை ஆரேனும் பாக்கட்டும், நீங்கள் ஒன்பதாம் வகுப்புக்குப் போங்கோ" என்று இவரைத்தான் அனுப்புவார்கள். விசேட தேவை ஏதும் இல்லாத, வாசிப்பில் சற்றுப் பிந்திய பிள்ளைகளைப் பெறுபேற்று வீதம் குறையாதிருக்க அலகுக்குத் தள்ளிவிடும் வழக்கமும் உண்டு. பெற்றாரிலும் இரு வகை: பிள்ளையால் எதுவும் முடியாது என்போர், ஆறு மாதத்தில் எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்போர். இருவரையும் ஆசிரியர் சமாளிக்க வேண்டும். ஒரு பிள்ளை தன் பெயரைச் சொல்ல இரண்டு ஆண்டு எடுக்கலாம். மூன்றாம் ஆண்டு வலிப்பு வந்து அதை மறந்தும் போகலாம். இதையெல்லாம் சொன்ன பிறகும் கை உயர்த்தும் பிள்ளைதான் இதற்கு உரிய பிள்ளை.

ஆண் பிள்ளைகள் கை உயர்த்துவது குறைவு. ஆரம்பக் கல்வியும் விசேட கல்வியும் பெண்களுக்குரியவை என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. பதினான்கு வயதுப் பையனைக் கழிப்பறைக்குப் பழக்கவும், முகச்சவரம் செய்யப் பழக்கவும் ஆண் ஆசிரியர் வேண்டாமா?

மாணவரை எப்படி அறிமுகம் செய்யலாம்?

இதில் நாம் ஒரு பிழை விட்டிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் முப்பது உயர்தர மாணவரை பஸ் பிடித்து ஓர் இல்லத்துக்கு அழைத்துச் சென்றோம். இனிப்பும் கொப்பிகளும் கொண்டு போனோம். அங்குள்ள பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். எமது மாணவர்கள் கைதட்டினார்கள். தொலைபேசியில் படம் எடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். பஸ்ஸில், "நீங்கள் சந்தித்த ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. சிலர் பரிதாபப்பட்டு அழுதார்கள். ஆனால் இத்துறைக்குப் போக விரும்பவர் ஒருவரும் அந்த முப்பது பேரில் இருக்கவில்லை. பரிதாபத்தைக் காட்டித் தொழிலை அறிமுகம் செய்ய முடியாது என்பது அன்று எமக்குப் புரிந்தது. அந்த இல்லத்துப் பிள்ளைகளை நாம் காட்சிப் பொருளாக்கியதும் பிறகுதான் உறைத்தது.

அதன்பின் முறையை மாற்றினோம். ஒருமுறைக்கு நான்கு மாணவருக்கு மேல் அனுப்புவதில்லை. இனிப்பு இல்லை, படம் இல்லை. தொடர்ந்து மூன்று சனிக்கிழமைகள் போகவேண்டும். ஒரே ஆசிரியரின் பக்கத்தில், ஒரே பிள்ளையோடு. முதல் சனி பார்ப்பதற்கு மட்டும். பார்த்ததைக் கொப்பியில் எழுத வேண்டும். 'பாவம்' என்ற சொல்லை எழுதக்கூடாது என்பது நிபந்தனை. இரண்டாம் சனி ஆசிரியர் கொடுக்கும் சிறு வேலை ஒன்றில் உதவுவது. மூன்றாம் சனி, அந்தப் பிள்ளைக்கென ஒரு கற்பித்தல் பொருளைத் தாமே செய்து கொண்டுபோய்ப் பயன்படுத்திப் பார்ப்பது. கணிதப் பிரிவு மாணவர் ஒருவர் பார்வையற்ற சிறுமிக்குக் கயிற்றில் முடிச்சுப் போட்டு எண்கோடு ஒன்று செய்தார். அவள் விரலால் தடவிவிட்டு, "அஞ்சுக்கும் ஆறுக்கும் இடையில தூரம் கூடிப்போச்சு, அண்ணா" என்றாளாம். அவர் வீட்டுக்குப் போய் அளந்து பார்த்தார். அவள் சொன்னது சரி.

போய்வந்த நால்வரில் மூவர் வேறு துறைக்கே போகலாம். அதில் நட்டமில்லை. நாளை வைத்தியராகவோ பிரதேச செயலாளராகவோ வரும்போது சாய்வுப்பாதை இல்லாத கட்டடத்துக்கு அவர்கள் இலகுவில் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

இதைப் பாடசாலைகளும் பங்குகளும் இளைஞர் சங்கங்களும் பெரிய செலவின்றிச் செய்யலாம். போகுமுன் நிறுவனப் பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக அவர்கள் விதிக்கும் நிபந்தனைகளை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்கள் இதற்கு நல்ல காலம். கணினி வகுப்புக்கும் ஆங்கில வகுப்புக்கும் இடையில் சனிக்கிழமை ஒன்றை ஒதுக்கலாம். 10ஆம், 11ஆம் வகுப்புப் பிள்ளைகளை இன்னும் எளிதாகத் தொடங்க வைக்கலாம்: தம் பாடசாலையிலேயே விசேட அலகு இருந்தால் இடைவேளையில் அங்கே போய் விளையாடட்டும்.

முன்னர் சொன்ன மாணவி இப்போது நான்காவது வீட்டுக்குப் போய் வருகிறார். பையனின் பெயரையும் தெரிந்துகொண்டார். அவனுக்குக் காது ஓரளவு கேட்கிறது என்பது அவர் கவனித்த முதல் விடயம். செவிப்புலன் பரிசோதனைக்கு நாள் எடுத்திருக்கிறார்கள். தாயோடு தானும் போகப்போவதாகச் சொன்னார். அன்றைக்கு ரியூட்டரியில் இரசாயனவியல் வகுப்பு இருக்கிறதாம்.